பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி கட்டுபடியாகுமா?

14 ஜனவரி 2024, கேள்வி (கனடா ஒன்ராறியோவில் மார்க்கம் நகரிலிருந்து ஒரு தம்பி)

அண்ணைமார், எங்கள் பழைய வான் கடைசி மூச்சில் நிற்கிறது. வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. வேலைக்குப் போய்வர நாளுக்கு 60 கிலோமீற்றர். பிளக்-இன் ஹைபிரிட் (வீட்டில் சார்ஜ் பண்ணிக் கரண்டில் ஓடும், அது தீர்ந்தால் பெற்றோலில் ஓடும்) எடுத்தால் பெற்றோல் காசே இல்லை, அரசாங்கமும் 5,000 டொலர் தருகிறது, முழுக்க லாபம்தான் என்கிறார் டீலர். மிற்சுபிஷி அவுட்லாண்டரா ரொயோட்டா ராவ்-4 பிரைமா என்பதுதான் குழப்பம். வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கோ.

14 ஜனவரி 2024, இரவு, பதில் (பிளக்-இன் வைத்திருக்கிற ஓர் அண்ணை; இனி வருகிறவையும் அவருடையவைதான்)

ஆறு பேருக்கு ராவ்-4 பிரைமா? அதில் ஐந்து சீற்தான். யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறதாக உத்தேசம்?

நான் 2019 அவுட்லாண்டர் பிளக்-இன் ஓடுகிறேன், ஏஜக்ஸ்–ஸ்காபரோ. பழைய மாடல்: பற்றரி 12 யூனிட் (கிலோவாற்-மணி), கரண்டில் மட்டும் ஓடுவது காகிதத்தில் 35 கிலோமீற்றர். மத்திய அரசின் மானியம் அந்த மே மாதம்தான் தொடங்கியது, இந்த மாதிரிச் சின்னப் பற்றரிக் கார்களுக்கு 2,500 டொலர்தான். ஒன்ராறியோ மாகாண மானியத்தை முதலமைச்சர் டக் ஃபோர்டின் அரசு 2018-இலேயே தூக்கிவிட்டது. இப்போதைய அவுட்லாண்டர் வேறு சாமான்: 20 யூனிட் பற்றரி, 61 கிலோமீற்றர், ஏழு சீற்.

ஏழு சீற் என்பதை நம்பிவிடாதீர். மூன்றாவது வரிசை சின்னப் பிள்ளைகளுக்கு. அப்பாவையோ அம்மாவையோ அதற்குள் ஏற்றி ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோனால், இறக்கும்போது அர்ச்சனை உமக்குத்தான்.

15 ஜனவரி 2024

நேற்று அவசரத்தில் எழுதியது. இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டீலர் உம்முடைய பழைய வானோடு ஒப்பிட்டுக் காட்டியிருப்பார். அது 12, 13 லீற்றர் குடிக்கிற வண்டி, அதோடு ஒப்பிட்டால் எதை எடுத்தாலும் லாபம். வயர் செருகத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட்டோடு ஒப்பிட வேண்டும். சீற் பிரச்சினையை மறந்துவிட்டு ராவ்-4 ஐயே எடுப்போம், ஒரே உடம்பில் இரண்டு வகையும் வருவதால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

சாதாரண ராவ்-4 ஹைபிரிட் 100 கிலோமீற்றருக்கு 6 லீற்றர் அளவு. 60 கிலோமீற்றருக்கு 3.6 லீற்றர், லீற்றர் 1.50 என்று வைத்தால் 5.40 டொலர். பிரைம் அதே தூரத்தைக் கரண்டில் ஓட ஏறத்தாழ 13 யூனிட் வேண்டும். இரவு விலை 8.7 சதம், மற்றக் கட்டணங்களையும் சேர்த்து 11 சதம் என்று வைப்போம், 1.43 டொலர் வருகிறது. நாளுக்கு 4 டொலர் மிச்சம். வேலை நாட்களால் பெருக்கினால் வருடத்துக்கு 900 சொச்சம், குளிர்காலத்தில் கையை விட்டுப் போகிறதைக் கழித்தால் 800.

இனி மற்றப் பக்கம். நான் பார்த்த விலைகளில் இரண்டுக்கும் இடையே 10,000 டொலர் அளவு வித்தியாசம். 13 வீத எச்எஸ்டி விற்பனை வரியும் சேர்த்தால் 11,300. மானியம் வரிக்குப் பிறகுதான் கழிபடும், ஆகவே 6,300. வருடத்துக்கு 800 டொலர் என்று பார்த்தால் அந்தக் காசு திரும்ப எட்டு வருடம். மானியம் இல்லாவிட்டால் பதினான்கு. பதினான்கு வருடத்தில் பிள்ளைகள் கலியாண வயதுக்கு வந்துவிடுவார்கள், கார் வராது.

15 ஜனவரி 2024, சிறு சேர்க்கை

லீஸ் எடுக்கிறவர்கள் கவனிக்க: முழு மானியம் 48 மாத லீஸுக்குத்தான். 36 மாதம் என்றால் முக்கால் பங்கு, 24 என்றால் பாதி. "லீஸ் என்றாலும் 5,000 வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அது 48 மாதத்துக்கு மட்டும்.

21 ஜனவரி 2024

"கணக்கில் குளிரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, அது பெரிய விஷயமில்லையா?" என்று கேட்கிறார்கள். பெரிய விஷயம்தான்.

இந்தக் கிழமை விடியற்காலைகளில் வாசலில் நிற்கும்போது மூக்குக்குள் மயிர் உறைகிறது. சார்ஜ் வயர் மடிய மாட்டேன் என்று விறைத்து நிற்கும். சார்ஜ் பண்ணுகிற மூடியின் ஓரத்தில் ஐஸ் பிடித்திருக்கும், உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். உள்ளே ஏறி ஹீற்றரைப் போட்டவுடன் என்னுடையதில் எஞ்சின் எழும்பிவிடும், பற்றரி நிறைய இருந்தாலும்தான். முதல் குளிர்காலத்தில் ஏதோ பழுது என்றே நினைத்தேன். பழுதில்லை, இந்தக் குளிருக்குக் கரண்ட் ஹீற்றர் மட்டும் போதாது, எஞ்சின் சூட்டையும் எடுத்துத்தான் உள்ளே சூடாக்குகிறது. பிரைமில் கரண்டைச் சிக்கனமாக எடுத்துச் சூடாக்குகிற ஹீற் பம்ப் இருப்பதால் கொஞ்சம் மேல், அதிலும் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் ஹீற்றருக்காக எஞ்சின் வரும். வேறு சில மாடல்களில் ஹீற்றர் சுவிட்சைத் தொட்டாலே எஞ்சின்தான், வெளியே பூச்சியம் பாகை என்றாலும். வாங்கப் போகிறவர்கள் ஜூலையில் ஓடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள், ஜனவரியில் ஒரு நாள் ஓடிப் பாருங்கள்.

61 கிலோமீற்றர் பற்றரியும் 60 கிலோமீற்றர் ஓட்டமும் கோடையில் நல்ல சோடி. குளிரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று எடுங்கள். வேலையிடத்தில் ஒரு பிளக் கிடைத்தால் கதை முழுக்க மாறும். தம்பி, அதைக் கேட்டீரா?

ஒரு தந்திரம்: வயர் செருகியிருக்கும்போதே போனிலிருந்து ஹீற்றரைப் போட்டுவிடுங்கள். வீட்டுக் கரண்டில் சூடாகும், பற்றரி மிஞ்சும். மனைவிக்கு இந்தக் காரில் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

3 பெப்ரவரி 2024

"லெவல் 2 சார்ஜர் (240 வோல்ட்) கட்டாயமா?" இல்லை. சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 அம்பியர் இழுக்கும், மணிக்கு 1.4 யூனிட். பிரைம் பற்றரி 18 யூனிட், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். மாலை ஏழுக்குச் செருகினால் காலை ஏழுக்கு ரெடி. முழு மின்சாரக் காருக்குத்தான் பெரிய சார்ஜர் வேண்டும். பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் செலவழித்து 240 வோல்ட் இழுத்தால் மேலே போட்ட எட்டு வருடம் இன்னும் நீளும். இழுக்கத்தான் போகிறீர்கள் என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ரீசியன், ஈஎஸ்ஏ (மாகாண மின்பாதுகாப்பு அதிகாரசபை) பெர்மிற், இரண்டும் இருக்க வேண்டும். மச்சானின் சிநேகிதன் வந்து பூட்டித் தருவான் என்று போகாதீர்கள், நாளைக்கு ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரன் முதலில் கேட்பது அந்தப் பேப்பரைத்தான்.

ஆனால் அந்தச் சாதாரண பிளக்கில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். எங்கள் கராஜில் பிளக்குகள் எல்லாம் ஒரே 15 அம்பியர் பிரேக்கரில். அதே லைனில் பெரிய ஃப்ரீசர். கார் 12 இழுத்துக்கொண்டிருக்கும்போது ஃப்ரீசர் மோட்டர் எழும்பினால் பிரேக்கர் விழும். குளிர்காலத்தில் விழுந்தது யாருக்கும் தெரியாது, கராஜே ஃப்ரீசர்தானே. ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தேன். விளைமீன், நண்டு, மாமி சுத்தம் பண்ணிப் பை பையாகக் கட்டி வைத்த இறால், எல்லாம் தண்ணீர்விட்டு நின்றது. அந்த வருடப் பெற்றோல் மிச்சத்தில் ஒரு பங்கு அன்றே குப்பைக்குப் போனது. ஃப்ரீசரை இப்போது வேறு லைனுக்கு மாற்றியாயிற்று.

4 பெப்ரவரி 2024

ஃப்ரீசர் கதையை வைத்துப் பகிடி பண்ணுகிறவர்களுக்கு: ஆம், நண்டுக்கும் சேர்த்துத்தான் வருத்தம். போதும், விஷயத்துக்கு வாருங்கள்.

18 பெப்ரவரி 2024

மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்: "அண்ணை 8.7 சதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார், அல்ட்ரா-லோ ஓவர்நைட் திட்டத்துக்கு மாறினால் 2.8 சதம்தானே!" 2023 மே மாதம் வந்த திட்டம் அது, இரவு 11 முதல் காலை 7 வரை 2.8 சதம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் நான் மாறவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், இது எங்கள் வீடுகளுக்கு முக்கியம்.

அந்தத் திட்டத்தில் கிழமை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை யூனிட் 28.6 சதம். எங்கள் வீட்டில் மாலை 4 முதல் 9 வரை என்ன நடக்கிறது? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிறார்கள், சோறு, இரண்டு கறி, இடியப்பம் அவிகிறது, உடுப்புத் தோய்க்கிற மெஷின், அதன் பின்னால் டிரையர். அடுப்பு கரண்ட் அடுப்பு. கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பமும் அதே நேரம் சமைக்கிறது, மீற்றர் ஒன்றுதான். ஐந்து மணித்தியாலத்தில் 10 யூனிட் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு. புதிய திட்டத்தில் அதற்கு 2.86 டொலர். இப்போதிருக்கிற, நேரத்துக்கு நேரம் மாறுகிற விலையில், குளிர்காலத்தில், 5 முதல் 7 வரை மட்டும்தான் 18.2 சதம், ஏழுக்குப் பிறகு 8.7. கூட்டிப் பார்த்தால் 1.30 அளவு. ஆக நாளுக்கு ஒன்றரை டொலர் நட்டம்.

காரில் எவ்வளவு மிச்சம்? 13 யூனிட், யூனிட்டுக்கு 5.9 சதம் குறைவு: 77 சதம். காலை 7 முதல் 11 வரை புதிய திட்டம் 12.2, பழையது 18.2, அதில் கொஞ்சம் திரும்பி வரும். வந்தாலும் நட்டம் நட்டம்தான்.

75 யூனிட் பற்றரி உள்ள முழு மின்சாரக் கார், நாளுக்கு 150 கிலோமீற்றர் ஓட்டம் என்றால் மாறத்தான் வேண்டும், அவர்களுக்காகப் போட்ட திட்டம் அது. பிளக்-இன் பற்றரி சின்னன். சின்னப் பற்றரிக்காக வீட்டின் சமையல் நேரத்தை இரவு பத்துக்குத் தள்ள முடியுமா? தள்ளிப் பாருங்கள், அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

தனியாக இருக்கிறவர், காஸ் அடுப்பு, வீட்டுக்கு வருவதே ஒன்பதுக்குப் பிறகு என்றால் இது பொருந்தாது, மாறுங்கள்.

19 பெப்ரவரி 2024

"பேஸ்மென்டில் இருக்கிறவர்களைக் குறை சொல்லாதீர்கள்." சொல்லவில்லை. மறுபக்கத்தைப் பாருங்கள்: பேஸ்மென்டில் இருக்கிறவருக்கு பிளக்-இன் வாங்கவே வழியில்லை. டிரைவ்வேயில் அவருடைய கார் முன்னுக்கு, வீட்டுக்காரருடையது பின்னுக்கு, வெளிப்பிளக் ஒன்று, அதில் கிறிஸ்மஸ் லைற். என் நண்பர் ஒருவர் அப்படி இருந்துகொண்டு பிளக்-இன் வாங்கினார். செருகினது மிகக் குறைவு. மீதி நாட்கள் எல்லாம் பாரமான பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு பெற்றோலில் ஓடினார். அவர் வாங்கியிருக்க வேண்டியது சாதாரண ஹைபிரிட். கொண்டோ அடுக்குமாடியில் வீடு வைத்திருக்கிறவர்களுக்காக 2018-இல் சட்டம் திருத்தினார்கள், சார்ஜர் கேட்டால் கொண்டோ நிர்வாகம் காரணமில்லாமல் மறுக்க முடியாது, ஆனால் செலவு உங்களுடையது.

ஐரோப்பாவில் 2022-இல் வந்த ஒரு ஆய்வு உண்டு, சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் செய்தது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் காகிதத்தில் சொல்வதைவிடத் தனியாட்கள் கையில் மூன்று மடங்கு எரிபொருள் குடிக்கின்றன, கம்பனிக் கார்கள் ஐந்து மடங்கு. கம்பனி பெற்றோல் காசு கொடுக்கும்போது எவன் இரவில் வயர் செருகுவான்?

30 மார்ச் 2024

மொன்றியலில் ஒரு சாமத்தியவீடு, போய்வந்த களைப்போடு எழுதுகிறேன். ஏஜக்ஸ் தாண்ட முன்னமே பற்றரி தீர்ந்தது, மிச்ச வழி முழுக்கப் பெற்றோல்.

தம்பி இதைக் கவனிக்க வேண்டும். பற்றரி தீர்ந்த பிறகு எல்லா பிளக்-இன்னும் ஒன்றல்ல. பிரைம் 100 கிலோமீற்றருக்கு 6 லீற்றர் சொச்சம், நல்ல ஹைபிரிட் மாதிரியே ஓடும். புதிய அவுட்லாண்டர் 9 லீற்றர். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் 540 கிலோமீற்றர்: முதல் 60 கரண்டில், மீதி 480க்கு 43 லீற்றர், 65 டொலர். அதே வழியில் ஆறு பேரையும் வசதியாக ஏற்றிக்கொண்டு ரொயோட்டா சியன்னா ஹைபிரிட் வான் 36 லீற்றரில், 54 டொலரில் போய்விடும். வார நாளில் மிச்சம் பிடித்ததை வார இறுதியில் 401 நெடுஞ்சாலை வாங்கிக்கொள்ளும். கிழமைக்கு ஐந்து நாள் வேலை, வார இறுதியில் ஸ்காபரோவுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு அவுட்லாண்டர் சரி. கோடை முழுக்க ஒட்டாவா, மொன்றியல், நயாகரா என்று திரிகிற குடும்பத்துக்குச் சரிவராது.

கிங்ஸ்டனில் நின்று சார்ஜ் பண்ணலாமே என்று கேட்கவேண்டாம். அவுட்லாண்டரில் வேக சார்ஜுக்கு சாடெமோ பிளக் இருக்கிறது, அதுவும் மெல்ல மறைந்துகொண்டு வருகிற வகை. அரை மணித்தியாலம் நின்று 40 கிலோமீற்றர் வாங்குவதற்கு ரிம் ஹோர்ட்டன்ஸில் ஆறு பேருக்கும் தேத்தண்ணியும் டோனட்டும் வாங்க வேண்டும்.

2 ஏப்ரல் 2024

நேற்றிலிருந்து கார்பன் வரி லீற்றருக்கு 17.6 சதம், முன்பு 14.3. என் கணக்கில் 1.50 என்று போட்டதை வைத்துக்கொள்ளலாம், தூரம் இல்லை.

7 ஏப்ரல் 2024

எஸ்யூவிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கிறைஸ்லர் பசிபிக்கா ஹைபிரிட்: பிளக்-இன் வான், நம்முடைய வின்ட்சரிலேயே செய்கிறார்கள், 16 யூனிட், 51 கிலோமீற்றர், ஏழு சீற், மூன்றாவது வரிசையில் மனிதர் இருக்கலாம். முழு 5,000 மானியத்துக்கு பாஸ் மார்க் 50 கிலோமீற்றர், எடுத்தது 51! கியா சொரென்டோ பிளக்-இன்னுக்கும் அதே 51தான், பக்கத்து வாங்கில் இருந்து எழுதினது போல.

ஆனால் பழையது வாங்குகிறவர்கள்: 2017, 2018 பசிபிக்கா ஹைபிரிட்டுகளைத் தீப்பிடிக்கும் ஆபத்து என்று 2022 பெப்ரவரியில் திருப்பி அழைத்தார்கள், வீட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அந்த வேலை செய்யப்பட்டதா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

9 ஜூலை 2024

காப்புறுதி பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன், கேட்டுவிட்டார்கள். விலை கூடின கார் என்பதால் கூடும், அது ஒன்று. மற்றது களவு. ரொயோட்டா, லெக்ஸஸ், ஹொண்டா எஸ்யூவிகளை இங்கே இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போய் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலனில் ஏற்றிவிடுகிறார்கள். சில காப்புறுதிக் கம்பனிகள் ட்ராக்கர் பூட்டினால்தான் எழுதுவோம் என்கின்றன. என் அவுட்லாண்டரை இதுவரை ஒருவரும் தொடவில்லை. சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா?

டீலர் விலை பற்றியும். மார்க்கத்தில் ஒரு விற்பனை நிலையத்தில் விளம்பர விலைக்கு மேல் கண்ணாடியில் நம்பர் பொறித்ததற்கும், நைட்ரஜன் காற்றுக்கும், "நிர்வாகக் கட்டணத்துக்கும்" சேர்த்து பில் நீட்டினார்கள். ஒன்ராறியோவில் விளம்பர விலை என்றால் எச்எஸ்டியும் லைசென்ஸும் தவிர எல்லாம் சேர்ந்த விலையாக இருக்க வேண்டும், அதுதான் சட்டம். ஓம்விக் (கார் விற்பனையாளர்களைக் கண்காணிக்கிற அமைப்பு) என்று சொன்னேன், உள்ளே போய் "மனேஜரோடு கதைத்து" இரண்டைக் குறைத்துக்கொண்டு வந்தார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

10 ஜூலை 2024

"காசுக் கணக்கு மட்டும் பார்க்கிறீர்கள், வேறு நன்மையே இல்லையா?" இருக்கிறது, இல்லாமலா இத்தனை வருடம் வைத்திருக்கிறேன். ஊருக்குள் சத்தமில்லாமல் ஓடும். பச்சை நம்பர் பிளேற் கிடைக்கும், ஆட்கள் கூட ஏற்றிய கார்களுக்கான எச்ஓவி லேனில் தனியாளாகவே போகலாம், 404 நெடுஞ்சாலையில் காலையில் அதற்கு விலை போட முடியாது.

எல்லாவற்றையும்விட 2022 மே 21 புயல். மத்தியானம் அடித்து ஓய்ந்த பிறகு பார்த்தால் மரங்கள் வயர்களுக்கு மேல் கிடக்கின்றன, எங்கள் பக்கம் இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லை. என்னுடையதில் பின்னுக்கு 120 வோல்ட் பிளக் இருக்கிறது, 1,500 வாற் வரை தரும். அதிலிருந்து நீள வயர் இழுத்து ஃப்ரிஜ்ஜையும் அந்தப் பேர்போன ஃப்ரீசரையும் மாறி மாறி ஓட்டினேன். பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக எழும்பி நிரப்பும் (கராஜுக்குள் வைத்து ஓடாதீர்கள், புகை, வெளியே நிறுத்துங்கள்). பக்கத்து வீட்டு இத்தாலியன் கிழவர் தன்னுடைய இன்சுலினைக் கொண்டுவந்து எங்கள் ஃப்ரிஜ்ஜில் வைத்தார். இதற்கு எத்தனை டொலர் என்று எழுதச் சொல்கிறீர்கள்?

12 ஒக்டோபர் 2024

தம்பி தகவல் போட்டிருக்கிறார்: சியன்னாவுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, காத்திருப்புப் பட்டியலாம். வேலையிடத்தில் பிளக் இல்லை, அம்மா அவுட்லாண்டரின் மூன்றாவது வரிசையில் ஏறிப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கினாராம். அந்த ஒரு சொல்லும் சொல்லாததுதான் தீர்ப்பு. நல்ல முடிவு.

13 ஜனவரி 2025

மானியம் முடிந்தது. மத்திய அரசின் நிதி தீர்ந்துவிட்டது என்று திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். போன வருடம் போட்ட பதினான்கு வருடக் கணக்குக்கு இனி உயிர். பிரைமின் பெயரையும் இந்த 2025 மாடலில் ராவ்-4 பிளக்-இன் ஹைபிரிட் என்று மாற்றியிருக்கிறார்கள், தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம்.

2 ஏப்ரல் 2025

கார்பன் வரி நேற்றிலிருந்து இல்லை. 1.50 போட்ட இடத்தில் 1.30 போட்டுப் பாருங்கள்: ஹைபிரிட்டின் 60 கிலோமீற்றர் 4.70 ஆகிவிட்டது, மிச்சம் நாளுக்கு மூன்று டொலர் சொச்சம். புதிதாக, மானியமில்லாமல், காசுக்காக மட்டும் பிளக்-இன் வாங்குகிறவருக்கு ஒன்ராறியோவில் இப்போது நான் காரணம் சொல்ல மாட்டேன்.

5 ஏப்ரல் 2025

"அப்ப பழையது?" என்று ஒரு விளம்பரத்தைக் காட்டிக் கேட்கிறார் விற்பி நகரிலிருந்து ஒருவர். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். முதல் ஆள் அந்த 10,000 வித்தியாசத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டார், இரண்டாவது ஆள் சாதாரண ஹைபிரிட் விலைக்குக் கிட்டவே வாங்கலாம். வீட்டில் பிளக், நாளுக்கு 30, 40 கிலோமீற்றர் ஓட்டம் என்றால் பழைய பிளக்-இன் கட்டுபடியாகும்.

பார்க்க வேண்டியது: இரவு முழுக்க சார்ஜ் பண்ணி வைக்கச் சொல்லிவிட்டு காலையில் போய், பெற்றோல் எழும்பும்வரை ஓடிப் பாருங்கள். என்னுடைய 35 இப்போது கோடையில் 30க்குக் கிட்ட நிற்கிறது, அது சாதாரணம். 20க்குக் கீழே என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது டீலரிடம் பற்றரிக் கொள்ளளவைப் பரிசோதித்து எழுத்தில் வாங்குங்கள். பற்றரி உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று புத்தகத்தில் பாருங்கள். எஞ்சின் ஓடினது குறைவு என்று ஒயில் மாற்றாமல் விட்டிருப்பார்கள், கிலோமீற்றர் குறைவாக இருந்தாலும் மாதக் கணக்குக்கு மாற்ற வேண்டும், ரசீது கேளுங்கள். சார்ஜ் வயர் கூட வருகிறதா என்று பாருங்கள், எத்தனையோ பேர் காரை வாங்கிக்கொண்டு வயர் இல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், புதிது வாங்கினால் பல நூறு டொலர். வின் நம்பரை (காரின் அடையாள எண்) போட்டுத் திருப்பியழைப்பு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

விற்பிக்காரர், அந்த விளம்பரத்தின் படத்தை இன்னும் பெரிதாக இங்கே போடுங்கோ. பின்பக்க பம்பர் மாற்றினது மாதிரித் தெரிகிறது.